விக் டோவீல், ஜேக் துலி: நடக்கவே விடாத சண்டையில் யார் ஜெயித்திருப்பார்?

பீனிக்ஸ்_ராஜா | வெள்ளி, இரவு 8:20

எல்லாருக்கும் வணக்கம். அலியா டைசனா என்று ஊர் உலகமே மண்டையை உடைத்துக்கொள்கிறது. நம் தென்னாப்பிரிக்கக் குத்துச்சண்டைச் சாம்பியன்களை மட்டும் வைத்துப் பேசிப் பார்ப்போமா? இரண்டு பேரும் அவரவர் உச்சத்தில் இருந்த வருஷம், ஒரே எடை, இருவருக்கும் பொதுவான ஊர், பட்சபாதம் இல்லாத நடுவர்கள். விதி அவ்வளவுதான்.

நானே ஆரம்பிக்கிறேன். 1950-ல் உலக பேண்டம்வெயிட் (118 பவுண்டு) பட்டம் வாங்கிய விக் டோவீலையும், 1994-ல் 122 பவுண்டு எடையில் கென்னடி மெக்கின்னியைத் தோற்கடித்த வுயானி புங்குவையும் மோதவிட்டால் என் கணக்கில் புங்கு. ஹெவிவெயிட்டில் 1983 கெர்ரி கூட்சீயும் 2003 கோரி சாண்டர்ஸும் என்றால் சாண்டர்ஸ். ஃபிளைவெயிட்டில் (112 பவுண்டு) 1952 ஜேக் துலியும் நம்ம டர்பன் மொருட்டி ம்தலானேயும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ம்தலானே.

மூன்றுமே பிந்திய காலத்து ஆட்கள் பக்கம்தான் போகிறது. சாப்பாடு, பயிற்சி, எதிராளியின் வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்க்கும் வசதி, எல்லாம் இவர்களுக்குத்தானே இருந்தது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.


மாரிட்ஸ்பர்க்_குமரன் | வெள்ளி, இரவு 9:05

ராஜா தம்பி, விதியில் ஒன்றை விட்டுவிட்டாய். எத்தனை சுற்று? 12ஆ, 15ஆ? அதைச் சொல்லாமல் யாரையும் ஜெயிக்க வைக்க முடியாது.

1973 நவம்பரில் ஜொகானஸ்பர்க்கில் ஆர்னால்ட் டெய்லர் பலமுறை கீழே விழுந்தார். ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து, கடைசியில் 14ஆவது சுற்றில் ரோமியோ அனாயாவை ஒரே வலது குத்தில் படுக்க வைத்தார். உலகப் பட்டம். இன்றைய 12 சுற்று விதியில் அந்த 14ஆவது சுற்றே கிடையாது; டெய்லர் சாம்பியன் ஆகியிருப்பாரா என்பதே சந்தேகம். இதன் மறுபக்கம் கூட்சீ. 1980-ல் சன் சிட்டியில் மைக் வீவரிடம் 13ஆவது சுற்றில் விழுந்தார். 12 சுற்றோடு மணி அடித்திருந்தால் நாம் கூட்சீயைப் பற்றிப் பேசுவதே வேறு விதமாக இருந்திருக்கும்.

ஒரே விதி ஒருவருக்குப் பட்டம் கொடுத்தது, இன்னொருவரிடமிருந்து பட்டத்தைப் பிடுங்கியது. டோவீல் 15 சுற்றுக்குத் தயாரான ஆள். அவரை 12 சுற்றுக்குள் அடைத்துவிட்டு புங்கு ஜெயித்தார் என்றால் எப்படி?

எடை பார்க்கும் முறையும் மாறிவிட்டது. அப்போதெல்லாம் சண்டை நாளன்றே தராசில் ஏற வேண்டும். இப்போது முந்தின நாளே முடித்துவிட்டு, ராத்திரி முழுக்கத் தண்ணீரும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். 122 பவுண்டு என்று காகிதத்தில் இருக்கும், ரிங்கில் நிற்கும் உடம்பு வேறு.


பீனிக்ஸ்_ராஜா | வெள்ளி, இரவு 9:31

குமரன் அண்ணா, சரி, 15 சுற்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் பதில் மாறாது. புங்கு ஐ.பி.எஃப். (சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு) உலகப் பட்டத்தை 13 தடவை காப்பாற்றியவர். டோவீலுக்குப் பட்டம் இருந்தது இரண்டரை வருஷம், அதற்குள்ளேயே எடையைக் குறைக்க முடியாமல் தவித்தார். 1952 நவம்பரில் ஜிம்மி கருதர்ஸ் அவரை முதல் சுற்றிலேயே, 139 வினாடியில் முடித்தார். ஒரு சாம்பியன் இரண்டு நிமிஷம் சொச்சத்தில் காலியாவதை எப்படி மறப்பது?


லெனேசியா_தேவி | வெள்ளி, இரவு 10:12

நான் அமெச்சூர் போட்டிகளில் பாயிண்ட் போடுகிறவள். அந்தக் கண்ணோடு பார்த்ததைச் சொல்கிறேன்.

டோவீலின் பழைய படச்சுருள்களில் முதலில் தெரிவது அவர் தலை நிற்கும் இடம். எதிராளியின் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுபோய் வைத்துவிடுவார். அங்கிருந்து இரண்டு கையும் விலாவில் ஓயாமல் விழும். கையை நீட்டி அடிக்க எதிராளிக்கு இடமே இருக்காது. மானுவல் ஆர்ட்டிஸ் எட்டு வருஷத்துக்குப் பக்கமாக அந்த எடையை ஆண்ட மனிதர். 1950 மே 31 அன்று ஜொகானஸ்பர்க்கில் அவரை 15 சுற்றும் இப்படித்தான் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். அது டோவீலுக்கு 14ஆவது தொழில்முறைச் சண்டை. 14ஆவது சண்டையில் ஆர்ட்டிஸைத் தோற்கடித்த ஒருவரைக் கருதர்ஸ் சண்டையை மட்டும் வைத்து எடை போடக் கூடாது.

அதே வருஷம் டிசம்பரில் டேனி ஓ'சல்லிவனை 14 தடவை கீழே தள்ளி, 10ஆவது சுற்றில் முடித்தார். இன்று எந்த ரெஃப்ரியும் அதில் பாதிகூட விட்டிருக்க மாட்டார். நாலாவது தடவை விழும்போதே கையை ஆட்டி நிறுத்தியிருப்பார்கள், அதுதான் சரியும்கூட. அப்படி நிறுத்தினால் டோவீலின் கணக்கில் அது ஒரு சீக்கிர நாக்அவுட்டாக ஏறும். பழைய காலத்துப் பதிவுகளை இந்த மாதிரிப் பெயர்த்துப் படிக்க வேண்டும்.

புங்குவின் பலம் தற்காப்பு. கையைத் தாழ்த்தவே மாட்டார், ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) போட்டுக்கொண்டே தூரத்தைத் தன் கைக்குள் வைத்திருப்பார். 118-ல் டோவீல், 122-ல் புங்கு என்றால் புங்கு. இருவரையும் 118-க்கு இறக்கினால் 1950 டோவீல். இது என் தீர்ப்பு.


மெரிபேங்க்_பெரியவர் | சனி, காலை 6:40

பிள்ளைகளா, எல்லாவற்றையும் படித்தேன். நல்ல பேச்சு. ஆனால் டோவீலுக்கு ஜோடி தேட 1994 வரைக்கும் எதற்குப் போகிறீர்கள்? ஜோடி பக்கத்திலேயே இருந்தார்.

1952 செப்டம்பர் 8. ஜொகானஸ்பர்க் ஜேக் துலி இங்கிலாந்துக்குப் போய், நியூகாஸில் ஊரில் டெடி கார்ட்னரை 12ஆவது சுற்றில் நிறுத்தி, பிரிட்டிஷ் எம்பயர் ஃபிளைவெயிட் பட்டத்தை எடுத்தார். எம்பயர் பட்டம் வாங்கிய முதல் கறுப்புத் தென்னாப்பிரிக்கர் அவர்தான். அதே நேரத்தில் பெனோனியில் டோவீல் உலக பேண்டம்வெயிட் சாம்பியன். பெனோனி ஜொகானஸ்பர்க்குக்குக் கிழக்கே, 30 கிலோமீட்டர் போல. ஒருவர் 112 பவுண்டு, இன்னொருவர் 118. நவம்பர் 15 அன்று கருதர்ஸ் வந்து டோவீலைச் சாய்க்கும் வரை, பத்து வாரம்கூட முழுதாக இல்லை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாம்பியன்களாக இருந்தார்கள்.

மோதினார்களா? இல்லை. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே ரிங்கில் ஏற அன்றைக்கு இடமே இல்லை. பட்டங்களே தனித்தனி. வெள்ளையருக்கு ஒரு தென்னாப்பிரிக்கப் பட்டம், மற்றவருக்கு வேறொன்று. நம் டர்பனில் சீமன் செட்டி மாதிரி ஆட்கள் பேர் எடுத்ததும் அந்த இரண்டாவது பட்டியலுக்குள்தான். துலி நியூகாஸிலில் ஒரு வெள்ளைக்காரரை அடித்துப் பட்டம் வாங்கலாம், ஜொகானஸ்பர்க்கில் அதையே செய்ய முடியாது.

நாற்பது வருஷ இடைவெளியில் இருக்கிற இரண்டு பேர் மோதாததற்குக் காலத்தைத்தான் சொல்ல வேண்டும். இவர்கள் இரண்டு பேரும் மோதாததற்கு மனுஷன் போட்ட வேலிதான் காரணம். நம் நாட்டில் கற்பனைச் சண்டை பேசுகிறவர்கள் முதலில் பேச வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.


வலதுகை_நாக்அவுட் | சனி, காலை 9:15

பெரியவர் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் ரிங்குக்குள் அரசியலைக் கொண்டுவர வேண்டாம் என்பது என் எண்ணம். யார் வேகம், யார் பலம், அதைப் பேசுவோம்.

கூட்சீ, சாண்டர்ஸ் ஜோடியை யாரும் தொடவில்லை. நான் கூட்சீ கட்சி. 1979-ல் மான்டே கார்லோவில் லியான் ஸ்பிங்ஸை முதல் சுற்றிலேயே மூன்று தடவை விழவைத்தார். அலியை ஜெயித்த ஸ்பிங்ஸ் அது. எத்தனையோ அறுவை சிகிச்சை பார்த்த வலது கை, அதே கைதான் 1983-ல் மைக்கேல் டோக்ஸை 10ஆவது சுற்றில் முடித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் ஹெவிவெயிட் உலகச் சாம்பியன். 1984-ல் சன் சிட்டியில் கிரெக் பேஜிடம் தோற்ற அந்த 8ஆவது சுற்று மூன்று நிமிஷத்தைத் தாண்டி ஓடியது. நேரத்துக்கு மணி அடித்திருந்தால் கூட்சீ ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

சாண்டர்ஸுக்கு 2003 மார்ச் 8 இரவு ஒன்றுதான் இருக்கிறது.


பீனிக்ஸ்_ராஜா | சனி, காலை 9:48

அந்த ஒரு இரவு போதாதா அண்ணா! ஹனோவரில் விளாடிமிர் கிளிட்ச்கோவை இரண்டே சுற்றில் நாலு தடவை கீழே தள்ளினார். வயசு 37. இடது கை ஆள், அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு வேகமான நேர்க்குத்து எங்கிருந்து வருகிறது என்று விளாடிமிருக்கே புரியவில்லை. கூட்சீயின் ஆயுதம் வலது கை. இடது கை ஆளுக்கு எதிராக வலது கை நன்றாக வேலை செய்யும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வலது கை கிளம்புவதற்குள் சாண்டர்ஸின் இடது கை வந்து சேர்ந்துவிடும்.


லெனேசியா_தேவி | சனி, காலை 11:02

சாண்டர்ஸ் நாலு சுற்றுக்குள் முடித்தால் முடித்தார். ஐந்தாவது சுற்றுக்குப் போனால் கூட்சீ. சாண்டர்ஸின் மூச்சு பற்றி 2004-ல் விளாடிமிரின் அண்ணன் விட்டாலி கிளிட்ச்கோவோடு போட்ட சண்டையே சாட்சி, 8ஆவது சுற்றில் சாண்டர்ஸ் தோற்று நின்றது. கூட்சீ ஜான் டேட்டோடு 1979-ல் பிரிட்டோரியா லாஃப்டஸ் மைதானத்தில் 80,000 பேருக்கு மேல் பார்க்க 15 சுற்றும் ஆடியவர். தோற்றாலும் கடைசி மணி வரை நின்றார்.

இதற்கு மேல் எனக்கு இந்த ஜோடியில் ஆர்வம் இல்லை. பெரியவர் சொன்ன ஜோடிக்கு வருகிறேன்.


மெரிபேங்க்_பெரியவர் | சனி, மதியம் 1:30

வலதுகை தம்பிக்கு. நான் சொன்னது ரிங்குக்குள் இருக்கிற விஷயம்தான். ஒருவருடைய பதிவைப் பார்த்துத்தானே அவர் எவ்வளவு பெரியவர் என்று சொல்கிறோம்? டோவீல் தென்னாப்பிரிக்காவில் ஜெயித்த சண்டைகளில் எதிராளிகள் யார் என்று பார். நாட்டில் இருந்த நல்ல பேண்டம்வெயிட்களில் பெரும் பங்கு பேர் அந்த வரிசையில் வரவே முடியாது. துலியின் உள்ளூர்ப் பதிவிலும் அதே ஓட்டை. இரண்டு பேரின் பதிவும் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு புங்குவோடு ஒப்பிடுகிறோம்.

1973 டிசம்பரில் பாப் ஃபாஸ்டர் ஜொகானஸ்பர்க் வந்து பியர் ஃபூரியோடு மோதினாரே, அந்த ஒரு கறுப்பு வெள்ளைச் சண்டைக்கே அமெரிக்காவிலிருந்து உலகச் சாம்பியன் வர வேண்டியிருந்தது. உள்ளூர்க் கறுப்பருக்கு அது கிடைக்க இன்னும் வருஷங்கள் ஆயின. நம் நட்டால் பக்கத்து எலைஜா மகாத்தினி 1975-ல் சொவேட்டோவில் முன்னாள் உலகச் சாம்பியன் எமில் கிரிஃபித்தையே பாயிண்டில் ஜெயித்தவர். கிரிஃபித்துக்கு அப்போது வயசாகிவிட்டது, இருந்தாலும் கிரிஃபித் கிரிஃபித்தான். அந்த மகாத்தினியின் நல்ல வயசில் வெள்ளை மிடில்வெயிட்கள் எத்தனை பேர் அவர் முன்னால் நின்றார்கள்?

இந்த வேலி வெள்ளைக்காரரையும் கடித்தது. பிரையன் மிட்செல் 1986-ல் சன் சிட்டியில் டபிள்யூ.பி.ஏ. (உலகக் குத்துச்சண்டைச் சங்கம்) பட்டம் வாங்கினார். அதற்கப்புறம் தென்னாப்பிரிக்காவில் பட்டச் சண்டை கிடையாது என்றாகிவிட்டது. 12 தடவை பட்டத்தைக் காப்பாற்றினார், 12ம் அடுத்தவர் ஊரில். சொந்த ஜனத்தின் கைதட்டலே இல்லாமல் சாம்பியனாக இருந்தார் மனுஷன். நான் அவரையும் மதிக்கிறேன்.

இன்னொன்று. 1976 ஜனவரி வரைக்கும் நம் நாட்டில் டிவியே கிடையாது. நாங்கள் ரேடியோவில் கேட்டதும் பத்திரிகையில் படித்ததும்தான். டோவீலுக்குப் படச்சுருள் இருக்கிறது, உலகப் பட்டம் என்பதால். உள்ளூரில் நடந்த துலி சண்டைகளுக்கு யார் கேமரா கொண்டுபோனார்கள்? டிரம் பத்திரிகையில் வந்த படங்களும் எழுத்தும்தான் எங்களுக்கு. வீடியோவில் பார்த்து முடிவு சொல்கிற பிள்ளைகள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.


மாரிட்ஸ்பர்க்_குமரன் | சனி, மதியம் 2:20

ஐயா சொல்வது நியாயம். ஆனால் சண்டை என்று வந்தால் எடை பேசும். துலி பிறவி ஃபிளைவெயிட். டோவீல் 118-க்கே வாடி வதங்கி இறங்கியவர், சாதாரண நாளில் இன்னும் கனம். நல்ல பெரியவர் நல்ல சின்னவரை அடிப்பார் என்பது குத்துச்சண்டையில் சும்மா சொன்னது இல்லை. 1954-ல் துலி எம்பயர் பட்டத்தை டாய் டவரிடம் விட்டார். டவர் பலசாலி இல்லை, காலால் ஆடுகிறவர். அவரிடமே தோற்றவர் டோவீலின் விலாக்குத்தை 15 சுற்று தாங்குவாரா?


மெரிபேங்க்_பெரியவர் | சனி, மதியம் 2:55

டவரிடம் தோற்றது 1954. நான் பேசுவது 1952 செப்டம்பர், அக்டோபர். இரண்டு வருஷம் ஃபிளைவெயிட் கால்களுக்கு நீண்ட காலம். ராஜா போட்ட விதியே “உச்சத்தில்” என்றுதானே? காலால் ஆடுகிறவரைப் பிடிப்பது ஒரு வேலை, மேலே வந்து விழுகிறவரை எதிர்கொள்வது வேறு வேலை. துலிக்கு இரண்டாவதுதான் தோது.


பீனிக்ஸ்_ராஜா | சனி, மாலை 4:10

சரி, துலியை அவருடைய சொந்த எடையில் வைத்துப் பேசுவோம். ம்தலானேயோடு. எங்கள் பீனிக்ஸுக்குப் பக்கத்து லிண்டெலானியில் வளர்ந்தவர், அதனால் எனக்குக் கொஞ்சம் பாசம் கூடத்தான். ஆனால் பதிவைப் பாருங்கள். 2008-ல் நோனிட்டோ டோனேரிடம் கண் பக்கம் வெட்டு விழுந்து சண்டை நின்றது. அதற்குப் பிறகு 2021-ல் சன்னி எட்வர்ட்ஸ் வரைக்கும் அவரை யாரும் ஜெயிக்கவில்லை. 2010-ல் ஜோலானி டேட்டேயை ஐந்தாவது சுற்றில் நிறுத்தினார். பிற்பாடு உலகச் சாம்பியனாகி, பெல்ஃபாஸ்டில் 11 வினாடியில் நாக்அவுட் செய்தாரே, அதே டேட்டே. 2019 டிசம்பரில் யோகோஹாமா போய் அகிரா யாயேகாஷியை ஒன்பதாவது சுற்றில் நிறுத்தும்போது ம்தலானேக்கு வயசு 37.

அவர் ஆட்டம் எப்படி என்றால், கையிரண்டும் கன்னத்தோடு ஒட்டி இருக்கும். முதல் நாலு சுற்று எதிராளி அடிப்பதெல்லாம் அந்தக் கைகளில்தான் விழும். பார்க்கிறவர்கள் தோற்கிறார் என்று நினைப்பார்கள். ஐந்தாவது சுற்றிலிருந்து ஒவ்வொரு அடியாக முன்னால் வைத்து வயிற்றுக்கு வருவார். ஏழாவது சுற்றில் எதிராளியின் வாய் திறந்திருக்கும்.


லெனேசியா_தேவி | சனி, மாலை 5:00

ராஜா, இந்த ஜோடியில் உன் பக்கம்தான். துலி முதல் பாதியை எடுப்பார், ம்தலானே பின்பாதியை எடுப்பார், 15 சுற்று என்றால் பின்பாதி நீளம். ம்தலானே பாயிண்டில்.


மெரிபேங்க்_பெரியவர் | சனி, மாலை 5:25

இதில் எனக்கும் சண்டை இல்லை. ம்தலானே பெரிய ஆள், நம் ஜனம் அவரைப் போதுமான அளவு கொண்டாடவில்லை.

டர்பன் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். 1974 ஜூலையில் இதே டர்பனில், வெஸ்ட்ரிட்ஜ் பார்க் டென்னிஸ் அரங்கில், கொரியாவிலிருந்து ஹாங் சூ ஹ்வான் என்று ஒரு பையன் வந்து ஆர்னால்ட் டெய்லரை 15 சுற்றும் ஓட ஓட அடித்துப் பட்டத்தைக் கொண்டுபோனான். முடிந்த கையோடு அம்மாவுக்கு இங்கிருந்து போன் போட்டு, நான் சாம்பியன் ஆகிவிட்டேன் அம்மா என்றான். கொரியாவில் இன்றைக்கும் அந்தப் பேச்சு பிரசித்தம். நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?


வலதுகை_நாக்அவுட் | சனி, இரவு 7:40

எனக்குத் தெரியாது ஐயா, இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நன்றி.

தேவி அக்கா, டோவீல், துலி சண்டைக்கு உங்கள் பாயிண்ட் கார்டைப் போடுங்கள். அதற்குத்தான் காத்திருக்கிறேன்.


லெனேசியா_தேவி | சனி, இரவு 9:10

போடுகிறேன். 1952 அக்டோபர், 15 சுற்று, அன்றைக்கே எடை.

முதல் மூன்று சுற்று டோவீல். துலியைக் கயிற்றோடு சேர்த்து வைத்து விலாவில் அடிப்பார். அந்த வயசு துலிக்கு அவ்வளவு நெருக்கம் பழக்கமில்லை. நாலாவது சுற்றிலிருந்து துலி ஒரு காரியம் செய்ய வேண்டும்: நேராகப் பின்வாங்காமல் தன் இடது பக்கமாகச் சுற்றி, டோவீல் தலையைக் கொண்டுவரும் அதே இடத்தில் வலது அப்பர்கட் (கீழிருந்து மேலே விடும் குத்து). கார்ட்னரை 12ஆவது சுற்றுவரை இழுத்துக்கொண்டுபோய் உடைத்தவருக்கு அந்தப் பொறுமை உண்டு. எடை குறைத்த உடம்பு முதலில் கைவிடுவது கால்களை. எட்டாவது சுற்றில் டோவீல் முன்னால் வருவது குறையும், அந்த இடத்தில் சண்டை திரும்பும்.

1950 டோவீலாக இருந்தால் நான் யோசிக்காமல் டோவீல் என்பேன். 1952 அக்டோபர் என்றால் துலி. 8 சுற்று துலிக்கு, 6 டோவீலுக்கு, ஒன்று சமம்.


மாரிட்ஸ்பர்க்_குமரன் | சனி, இரவு 9:44

நான் ஏற்கவில்லை தேவி. கருதர்ஸ் டோவீலைச் சாய்த்தது உயரமான இடது கை ஆள் என்பதாலும்தான். முதல் நேர்க்குத்திலேயே தடுமாற வைத்துவிட்டார். துலியிடம் அந்த நீளமும் இல்லை, 118-ல் அந்தக் கனமும் இல்லை. அப்பர்கட் படும், டோவீல் அதை வாங்கிக்கொண்டு உள்ளே வருவார். டோவீல், 11ஆவது சுற்றில், உடம்புக்குத்தில்.


மெரிபேங்க்_பெரியவர் | சனி, இரவு 10:05

குமரா, அப்படியானால் 116-ல் வை. துலிக்கு நாலு பவுண்டு ஏறட்டும், டோவீலுக்கு இரண்டு பவுண்டு இறங்கட்டும். அந்த இரண்டு பவுண்டை டோவீல் எங்கிருந்து எடுப்பார் என்று மட்டும் சொல். கால்களிலிருந்து என்றால் துலி. கைகளிலிருந்து என்றாலும் துலி.


மாரிட்ஸ்பர்க்_குமரன் | சனி, இரவு 10:18

116-ல் டோவீல் கையெழுத்தே போட மாட்டார் ஐயா. அவர் அப்பா பாப்பா மைக் ஒத்துக்கொள்ளவே மாட்டார். 118, துலி எவ்வளவு இருந்தாலும் சரி, இதுதான் நிஜத்தில் கிடைத்திருக்கக்கூடிய ஒப்பந்தம்.


மெரிபேங்க்_பெரியவர் | சனி, இரவு 10:26

118-க்கே துலி கையெழுத்துப் போட்டிருப்பார். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. துலி, பாயிண்டில்.